தேன் போத்தல்

2020 டிசம்பர். கேகாலையில் ஒரு வீட்டின் முன்னால் ஆயிரக்கணக்கில் சனம். கொவிட்டைக் குணமாக்கும் பாணி கொடுக்கிறார்களாம்; தேனும் சாதிக்காயும் சேர்ந்ததாம். சுகாதார அமைச்சரே அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்தார். மாவனல்லையில் இருக்கும் எங்களுக்குக் கேகாலை பஸ்ஸில் அரை மணி நேரம்.

நானா போனார். சனத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போக முடியவில்லை. வரும் வழியில் எவரோ 'அதே மருந்துதான்' என்று விற்ற ஒரு போத்தலோடு திரும்பினார். தேன் என்றதும் உம்மா பிஸ்மி சொல்லிக் கையை நீட்டினார்.

உம்மாவுக்கு இருபது வருஷமாகச் சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின்.

"இதக் குடிக்கிற நாள்ல வேற மருந்து கூடாதாம். சீனியும் இறங்குமாம்" என்றார் நானா.

அந்தச் சொல்லிலேயே நான் விழித்திருக்க வேண்டும். நாலு புத்தகம் படித்தவன்தான், வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் உம்மாவின் நாக்கு உலர்ந்தது, மூச்சு வாங்கியது, பேச்சுக் குழறியது. விரலில் குத்திச் சீனி பார்த்தேன். கருவி இலக்கம் காட்டவில்லை. அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று மட்டும் காட்டியது. ஆஸ்பத்திரி என்றதும் என் கையைப் பற்றிக்கொண்டார்.

"வேணாம் மகன். கொவிட் எண்டு சொல்லி எரிச்சிருவாங்க."

அந்தப் பயத்தில் பொய்யில்லை. கொவிட்டில் மரித்தவர்களை எரிக்க வேண்டும் என்று அந்த வருஷம் ஏப்ரலில் வர்த்தமானி வந்திருந்தது. நம் ஜனாஸாக்களும் எரிந்தன. நாங்கள் காசு கொடுத்து வாங்கியது மருந்தையல்ல, ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருக்க ஒரு சாட்டை என்பது அப்போதுதான் விளங்கியது.

தூக்கிக்கொண்டு ஓடினோம். சேலைனும் இன்சுலினும் ஏற்றினார்கள். பரிசோதனையில் கொவிட் இல்லை. இன்சுலினை நிறுத்திவிட்டுத் தேனையும் கொடுத்தால் வேறென்ன நடக்கும் என்று டொக்டர் ஏசினார். தலைகுனிந்து கேட்டுக்கொண்டோம். நான்கு நாளில் உம்மா வீடு வந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

2021 ஜனவரியில் அமைச்சருக்கும் தொற்று உறுதியானது. பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. போத்தல் வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. இன்று புற்றுநோய்க்கும் சிறுநீரகத்துக்கும் விற்கிறார்கள். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, சுகமான யாரோ ஒருவரின் கதை, 'டொக்டரின் மருந்தை நிறுத்துங்கள்' என்ற புத்திமதி. இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டாலும் இப்போது எழுந்துவிடுவேன். ஆனால் வாங்க வந்தவரை ஏசமாட்டேன். எதற்குப் பயந்து வந்தீர்கள் என்று கேட்பேன்.

மிச்சப் பாணியை உம்மாவே முற்றத்தில் ஊற்றினார். சற்று நேரத்தில் எறும்பு மொய்த்தது.

"எறும்புக்கு விளங்கினது நமக்கு விளங்கல்லயே, மகன்" என்றார்.