படுத்தா உள்ளே போயிடுதுன்னு விட்டுடாதீங்க

நெல்மூட்டை தூக்குற பெரியவர். தொடை இடுக்கில் எலுமிச்சை அளவு வீக்கம். படுத்தா உள்ளே போயிடும். "ஹெர்னியா ஐயா, குடலிறக்கம். மெஷ் வலை வச்சுத் தச்சிடலாம்"னேன். "சீசன் முடியட்டும் சார்"னார். வெளியே ஓபி வரிசை நீளம். நானும் வற்புறுத்தல.

மூணு மாசம் கழிச்சு நடுராத்திரி வந்தார். வீக்கம் உள்ளே போகல. கடும் வலி, வாந்தி. திறந்து பார்த்தா, ரத்த ஓட்டம் நின்னு குடல் கறுத்திருந்தது. அழுகின பகுதியை வெட்டி இணைச்சோம். வலையில் கிருமி தொற்றிடும்னு தையல் மட்டும் போட்டோம். வலை இல்லாததால் ஹெர்னியா திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

பிழைச்சுட்டார். இனி மூட்டை தூக்கக் கூடாது.

உங்க வீட்ல யாருக்காவது இப்படி வீக்கம் இருந்தா, வலி இல்லாதப்பவே காட்டுங்க. உள்ளே போகாம வலிச்சா, அழுத்தித் தள்ளாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

அன்னிக்கு அவர்கிட்ட நான் இன்னும் ரெண்டு நிமிஷம் பேசியிருக்கணும்.