காவலும் கணக்கும்

அகநானூற்றில் 160ஆம் பாட்டு, குமுழிஞாழலார் நப்பசலையார் பாடியது. அதில் சூல் முதிர்ந்த ஆமை ஒன்று அடும்பங்கொடியைச் சிதைத்துக்கொண்டு மணல்மேட்டில் ஏறி, முட்டையிட்டுப் புதைக்கிறது. முட்டையின் உருண்டை வடிவமும் புலால் நாற்றமும்கூட விட்டுப்போகவில்லை. இவ்வளவும் பார்த்தவர் எழுத்து. அடுத்தபடி, குஞ்சு பொரிக்கும் வரை ஆண் ஆமை காவலிருப்பதாக வருகிறது. இது பார்த்ததல்ல. ஆண் கடலாமை நம் கரைக்கு வருவதேயில்லை. தாயும் மணலை மூடிய கையோடு கடலுக்குத் திரும்பிவிடுகிறது. நூறு முட்டைகள் 45 முதல் 60 நாட்கள் வரை வெயிலின் பொறுப்பில் கிடக்கின்றன. ஆணா பெண்ணா என்பதைக்கூட மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண்.

சங்கக் கவிகள் இயற்கையை உள்ளது உள்ளபடி கண்டவர்கள் என்று மேடையில் முழங்குபவர்கள் இந்த இடத்தை மெல்லத் தாண்டிவிடுவார்கள். எனக்கோ இங்கேதான் கவிதை இருப்பதாகப் படுகிறது. பேசுபவள் தோழி. தலைவன் கைவிடமாட்டான் என்ற உறுதி அவளுக்கு வேண்டியிருக்கிறது. கண்டது தீர்ந்துபோன இடத்தில் வேண்டுவது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

காலியாகவே இருந்த அந்தக் காவல் ஸ்தானத்துக்கு நம் காலத்தில் ஆள் வந்தது. 1970களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த சிலர் இரவில் கடற்கரையில் நடந்து, நாய்க்கும் நரிக்கும் மனிதனுக்கும் முந்திக்கொண்டு பங்குனி ஆமையின் முட்டைகளை எடுத்து, வேலியிட்ட மணலில் புதைத்துக் காத்தார்கள். 1977இல் கடலாமைகள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. 1988இலிருந்து சென்னையில் மாணவர்கள் அந்த இரவு நடையைத் தொடர்கிறார்கள். வனத்துறையும் கரையோரம் பொரிப்பகங்கள் வைத்திருக்கிறது. பாம்புப் பண்ணையிலிருந்து கிளம்பிய சதீஷ் பாஸ்கர் இந்தியக் கரைகளையும் தீவுகளையும் ஆமைக்காகவே நடந்து அளந்தவர். 1982இல் மழைக்காலம் முழுக்க லட்சத்தீவுகளில் ஆளில்லாத சுஹேலித் தீவொன்றில் தனியே இருந்தார். அங்கிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிய, அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, தபாலில் வந்து சேர்ந்ததாம். 2023இல் இறந்தார். நூற்றைம்பது பிரதி அச்சடித்துவிட்டு வாசகனுக்குக் காத்திருக்கும் நமக்கு இந்த மனிதரைப் புரிந்துகொள்வதில் கஷ்டமிருக்காது.

ஆனால் காவல் வேறு, காவலின் பரவசம் வேறு. உள்ளங்கை அகலம்கூட இல்லாத குஞ்சை அலையில் விட்டுக் கைதட்டும்போது ஏதோ செய்துமுடித்த நிறைவு வந்துவிடுகிறது. வங்கியில் பேரேடு எழுதுகிறவன் நான். வரவுப் பக்கம் மட்டும் நிரம்பிய கணக்கைக் கண்டால் சந்தேகப்படுவது என் பிழைப்பு. இத்தனை முட்டை, இத்தனை குஞ்சு என்ற எண்கள் ஆண்டுதோறும் வருகின்றன. பற்று எங்கே? 2025 ஜனவரியில் சென்னையையும் அதையடுத்த கரைகளையும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது இழுவை வலை. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுபடும் வலைக்குள் அது தண்ணீரிலேயே மூழ்கிச் சாகிறது.

குஞ்சில் ஆயிரத்துக்கு ஒன்று தேறும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அப்படியானால் முட்டையிட வந்து செத்த ஒவ்வொன்றும் ஆயிரத்தில் தேறிய அந்த ஒன்று. 1987இல் அமெரிக்காவில் குரோஸ், கிரௌடர், காஸ்வெல் மூவரும் பெருந்தலை ஆமையை வைத்து இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள்: எல்லா முட்டையையும் காப்பாற்றினாலும், கடலில் வளர்ந்த ஆமைகள் சாவது குறையாமல் இனம் மீளாது. வலையிலேயே ஆமை வெளியேற வழி வைக்கும் சாதனத்துக்கு அங்கே வலு சேர்த்தது இந்தக் கணக்கு. இங்கே 1983ஆம் வருஷச் சட்டம் விசைப்படகுகளைக் கரையோரத்திலிருந்து விலக்கி வைக்கிறது, காகிதத்தில். ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடை மீனின் இனப்பெருக்கத்தை எண்ணி வைத்தது. ஆமை கரையேறுவது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. தடை வரும்போது அதற்குக் காலம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

பழியைப் படகுக்காரர்கள் தலையில் கட்டிவிட்டு நாம் நகர்ந்துகொள்ளவும் முடியாது. பொரித்த குஞ்சு இரவில் வெளிச்சமான பக்கம் பார்த்து நகரும். மனிதனில்லாத கரையில் அது கடல். இப்போது தெருவிளக்கு. குஞ்சு ரோட்டுக்கு ஏறிச் சாகிறது. நெய்வேலியில் 1962இலிருந்து பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறோம். அதில் ஒரு பங்கு அந்தக் கடற்கரை விளக்குகளிலும் எரிகிறது. அனல் நிலையத்தின் வெளிச்சத்தில் வானமே கலங்கித் தெரியும் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலூர்க் கரையின் இருட்டைப் பற்றிப் பேசுவதில் சங்கடம் இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் பேச வேண்டியது இதைத்தான். முட்டைக்காலத்தில் இரவு விளக்கை அணைப்பது, அந்த மாதங்களில் இழுவை வலையைக் கரையை விட்டு மெய்யாகவே விலக்குவது, அதனால் படகில் கூலிக்குப் போகிறவனுக்கு ஏற்படும் நஷ்டத்தை ஈடுகட்டுவது. மூன்றும் பரவசம் தராத காரியங்கள். புகைப்படத்தில் வராதவை.

நப்பசலையாரின் ஆண் ஆமை இயற்கையில் இல்லை. அதன் காவலை நாம் ஏற்றுக்கொண்டோம் என்றால், அவர் அதை நிறுத்திய மணல்மேடு மட்டும் இனி போதாது. கடலுக்குள்ளும் போயாக வேண்டும்.