டைகர்ஸ் ஜெயித்த வருடம்

நிஷினோமியா, ஜப்பான்
7 நவம்பர் 2023

அன்புத் தோழிக்கு,

நீ கேட்ட கியோட்டோ கோயில்களும் சிவந்த மேப்பிள் இலைகளும் அடுத்த கடிதத்தில். இப்போது எனக்கு வேறு எதுவும் எழுத ஓடவில்லை. ஞாயிறு இரவு எங்கள் பேஸ்பால் அணி ஹான்ஷின் டைகர்ஸ், ஜப்பான் சீரிஸ் என்ற இறுதித் தொடரை ஜெயித்துவிட்டது. இதற்கு முன்னால் ஜெயித்தது 1985-இல். நீயும் நானும் பிறக்கவே இல்லை.

வருகிற ஞாயிறு தீபாவளி. வீட்டில் இந்நேரம் முறுக்குக்கு மாவு அரைத்து வந்திருக்கும். அது இல்லாமல் இருக்கப்போகிறேனே என்ற துக்கம் போன வாரம் வரை தொண்டையிலேயே நின்றது. இந்த வாரம் இந்த ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தெருவுக்கு வந்த மாதிரி இருக்கிறது. காய்கறிக் கடை வாசலில் மஞ்சள் கறுப்புக் கொடி. வந்த நாளிலிருந்து தலையசைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் அலுவலக அதிகாரி ஒருவர் நேற்று லிஃப்ட் வாசலில் என்னை நிறுத்தி, ஏழாவது ஆட்டத்தை முதல் பந்திலிருந்து சொல்லி முடித்தார். நானும் பார்த்த ஆட்டம்தான். ஆனாலும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இது எப்படி என்னைப் பிடித்தது என்று கேட்பாய். நான் குடியிருப்பது ஹான்ஷின் ரயில் பாதையை ஒட்டி. ரயிலை ஓட்டுகிற அந்தக் கம்பெனிதான் 1924-இல் கோஷியென் மைதானத்தைக் கட்டியது. சாயங்காலம் வேலை முடிந்து ரயில் ஏறினால் பெட்டி நிறையக் கோடு போட்ட ஜெர்சிகள்; பாட்டிகளும், பள்ளிப் பிள்ளைகளும், டையைக் கழற்றிப் பைக்குள் திணிக்கும் ஆபீஸ்காரர்களும். ஒரு நாள் அவர்களோடு நானும் இறங்கிவிட்டேன். வெளிச்சுவர் முழுக்கக் கொடி படர்ந்த மைதானம். உள்ளே இன்ஃபீல்டில் புல் கிடையாது, கரேலென்ற மண் மட்டும். கடலிலிருந்து வீசும் காற்று வலப்பக்கமாகப் பறக்கும் பந்துகளைத் தடுத்து உள்ளேயே விழவைத்துவிடும். ஹோம் ரன் என்று எல்லோரும் எழுந்து நிற்க, பந்து வேலிக்கு இந்தப் பக்கமே இறங்கும். இடக்கை பேட்டர்களுக்கு அந்தக் காற்று தீராத வினை.

நம் கிரிக்கெட் பழக்கத்துக்கு முதலில் பிடிபடாதது இந்த சீசனின் நீளம். 143 ஆட்டங்கள். மார்ச் கடைசியில் ஆரம்பித்து, பெரும்பாலான வாரங்களில் திங்கள் தவிர தினமும் ஆட்டம். இன்று தோற்றால் நாளை சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி ஆட்டம் இருக்கிறது. அழுவதற்கும் நேரமில்லை, ஆடிக் களிப்பதற்கும் நேரமில்லை. எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது.

பிடிக்காததும் ஒன்று உண்டு. ஆகஸ்ட் வந்ததும் டைகர்ஸ் சொந்த மைதானத்தைக் காலிசெய்ய வேண்டும். பள்ளிக்கூடப் பையன்களின் தேசியப் போட்டி அங்கே நடக்கும். அது முடியும்வரை டைகர்ஸ் ஊர் ஊராகப் போய் ஆடும். நடுவில் சில ஆட்டங்களுக்கு ஒசாகாவின் கியோசெரா டோம். பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தோற்ற அணி அழுதுகொண்டே மைதானத்து மண்ணைப் பைகளில் அள்ளிப்போவதைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும். என் கோபமெல்லாம் நேரத்தின் மேல். ஆகஸ்ட் நடுப்பகல் இங்கே நம்மூர் அக்னி நட்சத்திரத்துக்குக் குறைந்ததில்லை, காற்றில் ஈரம் வேறு. இந்த வருடம்தான் ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பிறகு பத்து நிமிடம் உடம்பைக் குளிரவைக்க இடைவேளை கொண்டுவந்தார்கள். அது போதாது. பிள்ளைகளைக் காலையிலும் மாலையிலும் மட்டும் ஆடவிட வேண்டும்.

வெளியூர் ஆட்டங்களை நான் பார்த்ததெல்லாம் அமகசாகியில் ஒரு ஒகொனொமியாகி கடையில். முட்டைக்கோஸை நறுக்கி மாவில் கலந்து கல்லில் வார்ப்பார்கள். மேலே பன்றிக்கறி போடுவது வழக்கம். எனக்கு மட்டும் வெங்காயத்தாளும் சீஸும். கடையை நடத்துபவர் எழுபது தாண்டிய அம்மா. மூலையில் டிவி. கல்லுக்குப் பக்கத்தில் கட்டம் போட்ட ஸ்கோர் நோட்டு, அதன்மேல் எண்ணெய் தெறிக்காமல் இருக்க ஒரு கண்ணாடித் தாள். ஒவ்வொரு பேட்டர் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, தாளைத் தூக்கி, பென்சிலால் குறித்துவிட்டு மூடுவார். அடை தீயப்போகிறதே என்று நாம்தான் பதறுவோம். ஒருநாளும் தீய்ந்ததில்லை.

அவரிடம் எனக்கு முதலில் விளங்காத ஒரு பழக்கம் இருந்தது. டைகர்ஸ் ஹோம் ரன் அடித்தால் கடையே கத்தும். அவர் பேசாமல் குறித்துக்கொள்வார். யாராவது வாக் வாங்கினால் மட்டும் கரண்டியால் கல்லில் இரண்டு தட்டுத் தட்டுவார். வாக் என்றால், பிட்சர் எறியும் பந்து, அடிப்பதற்கென்று வகுத்த எல்லைக்கு வெளியே போகும்போது பேட்டர் மட்டையை வீசாமல் விடுகிறார். அப்படி நான்கு பந்தானால் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை விட்டால் விக்கெட் மிஞ்சும், அவ்வளவுதான். இங்கே விட்டதற்குக் கூலி உண்டு.

இந்த வருடத்து டைகர்ஸின் உயிர்நாடியே அதுதான். மேனேஜர் ஒகாடா அகினோபு 1985 அணியில் செகண்ட் பேஸ் ஆடியவர். 2005-இல் மேனேஜராக லீக் பட்டம் வாங்கித் தந்தவர். அந்த வருட ஜப்பான் சீரிஸில் லோட்டேயிடம் நான்கு ஆட்டமும் தோற்றவரும் அவரே. 64 வயதில் மறுபடி வந்தார். வந்ததும் நிர்வாகத்திடம், ஆட்டக்காரர்களின் சம்பளக் கணக்கில் வாக்குக்கு மதிப்பைக் கூட்டச் சொன்னார். போன வருடம் 358 வாக் வாங்கிய அணி இந்த வருடம் 494 வாங்கியது. ஓயாமா யூசுகே 143 ஆட்டத்திலும் நான்காவது பேட்டராக இறங்கினார். அந்த இடத்தில் நிற்பவன் வானத்தில் அடிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவர் 99 தடவை அடிக்காமல் நடந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒருமுறை பொறுமையிழந்து, "அடிடா!" என்று கத்தினார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "அவன் வேலையைத்தான் அவன் செய்துகொண்டிருக்கிறான்."

அம்மாவின் ஸ்கோர் நோட்டுகள், பல வருடத்தவை, கடையின் மேல்தட்டில் அடுக்கியிருக்கின்றன. 1987 முதல் 2001 வரை பதினைந்து வருடங்களில் டைகர்ஸ் பத்துத் தடவை கடைசி இடம். அந்த வருடங்களின் நோட்டுகளும் அதே தட்டில்தான், அதே துல்லியத்தோடு. அந்தச் சரிவுக்கு வெளியூர்க்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். 1985 கொண்டாட்டத்தில் ரசிகர்கள் கேஎஃப்சி கடையின் கர்னல் சாண்டர்ஸ் பொம்மையைத் தூக்கி டோடொன்போரி கால்வாயில் போட்டார்கள், அந்தச் சாபம் என்பார்கள். பொம்மை 2009-இல்தான் சேற்றிலிருந்து கிடைத்தது. சாபக் கதை என்றால் அம்மாவுக்கு ஆகாது, எனக்கும்தான். தோல்விக்கெல்லாம் கணக்கு அந்த நோட்டில் இருக்கிறது. விட்ட கேட்ச், போடத் தெரியாத பந்து, அவசரப்பட்டு வீசிய மட்டை என்று பக்கம் பக்கமாக. பொம்மையை இழுத்துப்போடுவது அத்தனை வருடம் ஆடியவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் செய்கிற அவமரியாதை.

ஆகஸ்டில் பத்து ஆட்டம், செப்டம்பரில் மறுபடி பத்து ஆட்டம் என்று தொடர்ச்சியாக ஜெயித்து, செப்டம்பர் 14 அன்று கோஷியெனில் யொமியூரி ஜயண்ட்ஸோடு ஆட்டம். ஜெயித்தால் லீக் பட்டம். மைதானத்துக்கு டிக்கெட் கனவிலும் கிடைக்காது. கடையில் நிற்கக்கூட இடமில்லை. ஆறாவது இன்னிங்ஸில் ஓயாமா பந்தைத் தூக்கி அடித்து ஒரு ரன் கொண்டுவந்தார். பின்னாலேயே சாடோ தெருஆகி இரண்டு ரன் ஹோம் ரன். ஒன்பதாவது இன்னிங்ஸை முடிக்க இவாஸாகி சுகுரு பந்துபோட வந்தார். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இறங்கும்போது ஒலிக்க ஒரு பாட்டு உண்டு. அன்று ஒலித்தது இவாஸாகியின் பாட்டு இல்லை. யூஸு இரட்டையரின் 'எய்கோ நோ காகெஹாஷி'. அம்மா புகைபோக்கி விசிறியை நிறுத்தினார். மைதானம் முழுக்க அந்தப் பாட்டைப் பாடியது. கடையிலும் பாடினார்கள், அழுதுகொண்டே.

அது யோகொடா ஷிண்டாரோவின் பாட்டு. இவாஸாகியோடு அதே 2013 தேர்வில் அணிக்கு வந்தவர். 2016 சீசனின் முதல் ஆட்டத்திலேயே சென்டர் ஃபீல்டில் இறங்கினார். அடுத்த வருடம் மூளையில் கட்டி. அறுவை முடிந்து பிழைத்தார், ஆனால் கண் பழையபடி திரும்பவில்லை. அவர் வருவார் என்று அணி அவருடைய 24-ஆம் எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது. அவர் 124 என்ற எண்ணோடு, பயிற்சி ஆட்டக்காரராகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். 2019 செப்டம்பரில், நருஓஹாமாவில், இரண்டாம் நிலை அணியின் ஆட்டத்தில் விடைபெற இறங்கினார். பந்து சென்டருக்கு வந்தது. இரண்டாம் பேஸில் இருந்தவன் ஹோமுக்கு ஓடினான். பந்தையே சரியாகப் பார்க்க முடியாதவர் அதை எடுத்து எறிந்தார். தரையில் படாமல் நேராகக் கேட்சரின் கைக்குப் போனது. அவுட். அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். இந்த ஜூலை 18-ஆம் தேதி இறந்துபோனார். வயது 28.

கடைசிப் பந்து உயரே கிளம்பி செகண்ட் பேஸில் நகானோவின் கைக்குள் விழுந்தது. 4–3. பதினெட்டு வருடத்துக்குப் பிறகு லீக் பட்டம். மேனேஜரைத் தூக்கிப்போட்டுப் பிடித்தார்கள். பிறகு இவாஸாகியைத் தூக்கினார்கள். அவர் கையில் 24-ஆம் எண் ஜெர்சி.

அம்மா நோட்டை எடுத்து, கடைசிக் கட்டத்தை நிரப்பி, தேதியைச் சரிபார்த்து மூடினார். பிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இங்கே வந்துதான் அது உழைப்பு என்று தெரிகிறது. நான்கு பந்தையும் கடைசி நொடிவரை பார்த்துத்தான் விட முடியும். கடைசி இடத்தில் கிடந்த வருடங்களிலும் ஒவ்வொரு ஆட்டத்தையும் குறித்துவைக்க வேண்டும். வருவானோ மாட்டானோ என்று தெரியாதவனுக்கு எண்ணை எடுத்துவைக்க வேண்டும். அவன் வராமலே போனாலும் அந்த எண் வீணாகவில்லை. அந்த ராத்திரி அதைத் தூக்கிப் பிடித்தார்களே. பட்டம் வாங்கியது இந்த வருடத்து அணி மட்டுமில்லை என்று அந்தக் கடையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஜப்பான் சீரிஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிரணி ஓரிக்ஸ் பஃபலோஸ். இரண்டும் இந்தப் பக்கத்து அணிகள் என்பதால் ஊர் இரண்டுபட்டது. முதல் ஆட்டத்தில் ஓரிக்ஸின் யமமோடோ யோஷினோபுவை நொறுக்கி 8–0 என்று ஜெயித்தோம். ஆறாவது ஆட்டத்தில் அதே யமமோடோ முழு ஆட்டமும் தானே போட்டு, 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து பழிதீர்த்தார். ஏழாவதில் நோய்ஸியின் மூன்று ரன் ஹோம் ரன், 7–1, முடிந்தது. தொடர் நாயகன் சிகமோடோ.

அன்று ராத்திரி டோடொன்போரியில் கால்வாய்க்குள் குதித்தவர்களை டிவியில் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. 2003-இல் லீக் பட்டம் வாங்கியபோது ஐயாயிரம் பேருக்கு மேல் அந்த அழுக்குத் தண்ணீரில் குதித்தார்கள், ஒருவர் உயிர் போனது. அதன்பிறகும் குதிப்பதை வீரம் என்று கைதட்டுபவர்களை என்ன சொல்வது! காத்திருந்த சந்தோஷத்தைக் காட்ட உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை. பாட்டு இருக்கிறது, தெரு இருக்கிறது.

இன்னொரு விஷயம். என் வேலை மார்ச்சில் முடிகிறது, அடுத்த சீசனும் மார்ச் கடைசியில்தான் தொடங்கும். மூன்று மாதம் நீட்டித்துக் கேட்கலாம் என்று விண்ணப்பம்கூட எழுதிவைத்திருந்தேன். அதைக் கொடுக்கப்போவதில்லை. நான் எப்போது வருவேன் என்று ஊரில் என் அம்மா ஒவ்வொரு போனிலும் கேட்காமல் கேட்கிறாள். அவளும் எனக்காக வேலை செய்துகொண்டுதான் இருக்கிறாள். மார்ச்சில் வருகிறேன் என்று நீயே வீட்டுக்குப் போய்ச் சொல். போனில் நான் சொன்னால் இருவரும் அழுதுவிடுவோம்.

டைகர்ஸை அங்கிருந்தே பார்த்துக்கொள்வேன். இங்கே சாயங்காலம் ஆறு மணி ஆட்டம் நமக்கு மதியம் இரண்டரை. நீயும் வந்து உட்கார். கிரிக்கெட் தெரிந்தவளுக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். வாக் எதற்கு என்பதை முதல் நாளே சொல்லித்தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் தோழி