மகுடம் சூடிய மறுநாள்

தொடர்கதைகளில் வரும் இளவரசர்கள் பாக்கியசாலிகள். ஆபத்துகள் எல்லாம் பட்டாபிஷேகத்துக்கு முன்பே வந்து தீர்ந்துவிடுகின்றன. மகுடம் தலையில் ஏறியதும் ஆசிரியர் 'முற்றும்' போட்டுவிடுகிறார். மறுநாள் முதல் அந்தப் புது ராஜாவின் பாடு என்னவாயிற்று என்று நீங்களும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை, குளச்சலுக்குப் போகும் வரையில்.

அங்கே கடற்கரைக்கு அருகில் ஒரு கல்தூண் நிற்கிறது. 1741-ம் ஆண்டில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா மகாராஜா தோற்கடித்ததற்கு அடையாளம். பக்கத்தில் மீன் கூடையை இறக்கி வைத்திருந்த பாட்டி, "எங்க ஆளுகளும் சேர்ந்துதான் மக்களே கெலிச்சது!" என்றாள். மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாத்தி வரிசையாக நின்றார்களாம்; தூரத்தில் கப்பலிலிருந்து பார்த்தவர்களுக்குத் துப்பாக்கிப் படையாகத் தெரிந்ததாம். கர்ண பரம்பரைக் கதைதான். ஆனால் பாட்டி சொன்ன மிடுக்கைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தது 1729-ல். வயது இருபத்துமூன்றுதான். முதல் தொல்லை வீட்டுக்குள்ளேயே இருந்தது. அந்த வம்சத்தில் பட்டம் மகனுக்கு அல்ல, சகோதரியின் மகனுக்கு. முந்திய மன்னரின் பிள்ளைகளான தம்பிமார் இதை ஒப்பவில்லை. இரண்டாவது தொல்லை எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்கள். ராஜா பெயருக்கு இருக்கட்டும், அதிகாரம் எங்களிடம் இருக்கட்டும் என்பவர்கள். மூன்றாவது, மிளகு வியாபாரத்தை விடமாட்டேன் என்று பீரங்கியோடு வந்த டச்சுக் கம்பெனி.

மூன்றையும் அவர் ஜெயித்தார். குளச்சலில் பிடிபட்ட டிலனாய் என்ற தளபதியைக் கொல்லவில்லை. தம் படைக்குப் பயிற்சி தரும்படி வேலைக்கு அமர்த்திக்கொண்டார்! அந்த மனிதர் 1777-ல் இறக்கும் வரை திருவிதாங்கூருக்கே உழைத்தார். உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் அவர் கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது. 1750-ல் மகாராஜா ராஜ்யம் முழுவதையும் ஸ்ரீ பத்மநாப சுவாமியின் காலடியில் வைத்து, 'நான் தாசன் மட்டுமே' என்றார். அதன் பிறகு அவரை எதிர்ப்பவன் கடவுளை எதிர்ப்பவன் ஆகிவிட்டான். என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

ஆகவே புது ராஜா நிலைத்தார். 1758-ல் அவர் காலமானபோது அவருடைய மருமகன் கார்த்திகைத் திருநாள் சச்சரவின்றிப் பட்டமேறி நாற்பது வருஷம் ஆண்டார்.

இந்த இடத்தில் 'முற்றும்' போட்டுவிடலாம். ஆனால் மனம் கேட்கவில்லை. தம்பிமார் கொல்லப்பட்டார்கள். பிள்ளைமார் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் கடலோரத்து மீனவர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்று பழைய வரலாறுகள் சொல்லுகின்றன. கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய அரண்மனை அதிகாரி தேவசகாயம் பிள்ளை, 1752-ல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் ரோமாபுரியில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள்.

மகாராஜாவுக்குத் தூண் இருக்கிறது. தளபதிக்குக் கல்லறை இருக்கிறது. தேவசகாயத்துக்குக் கோயில்கள் இருக்கின்றன. அந்தப் பெண்களுக்கு என்ன இருக்கிறது? முந்தின நாள் வரை பட்டும் பதக்கமுமாக இருந்தவர்கள், மணலில் நின்று, முன்பின் தெரியாத குடிசை வாசலைப் பார்த்திருப்பார்கள். அந்தக் குடிசைக்காரியும்தான் திகைத்திருப்பாள். ஆனாலும் ஒரு வாய்க் கஞ்சி கொடுக்காமலா இருந்திருப்பாள்?

பாட்டி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். அவளுடைய முப்பாட்டிக்கும் முப்பாட்டி எந்த வாசலில் நின்றவளோ!

அடுத்த வாரத் தொடர்கதையில் இளவரசன் முடி சூடும்போது நீங்கள் தாராளமாகச் சந்தோஷப்படுங்கள். அதோடு, அன்றைக்கு எந்தெந்த வீட்டில் விளக்கு ஏற்றவில்லை என்றும் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.