இரண்டு பேர் நெய்யும் தறி

2023-ல் லண்டன் ஃபேஷன் வீக் மேடையில் பவானியைச் சேர்ந்த வயது முதிர்ந்த நெசவாளர் ஒருவர் நடந்துவந்த படம் நாளிதழ்களில் வந்தது. ஜமக்காளத்தை அந்த மேடைக்குக் கொண்டுபோனவர் வடிவமைப்பாளர் வினோ சுப்ரஜா. படத்தை வெட்டி வைத்திருந்தேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான என் நண்பரிடம் அதைக் காட்டியபோது, “அந்தப் படம் வந்த சமயத்துல பவானியில ஒருத்தர் தறியையெல்லாம் வித்துட ஆள் தேடிட்டிருந்தாரு. இப்ப விக்கல. ஏன் விக்கலைன்னு வந்து கேளு” என்றார். அப்படித்தான் பவானி போனேன்.

ஈரோட்டிலிருந்து பேருந்தில் சிறிது நேரம்தான். காவிரியும் பவானியும் சேரும் கூடுதுறை, சங்கமேசுவரர் கோயில், அதைத் தாண்டினால் தெருக்கள் குறுகத் தொடங்கும். ஒரு காலத்தில் இந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்குமாம். இப்போது நின்று கவனித்தால்தான் கேட்கிறது. வாலிபர்கள் காலையில் பெருந்துறை சிப்காட்டுக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

பவானி ஜமக்காளத்தின் பிறப்பே ஒரு தொழில் நசிவில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் ஆலைத் துணி வந்து குவிந்தபோது, இங்கே சேலையும் மற்றத் துணிகளும் நெய்துகொண்டிருந்தவர்கள் சந்தையை இழந்தார்கள். ஜங்கமர் என்ற நெசவாளர் சமூகத்தார் முரட்டு நூலுக்குச் சாயமேற்றி, பட்டைப் பட்டையாக நிறம் வைத்து, ஊரே உட்காரக்கூடிய விரிப்பை நெய்தார்கள். அது அவர்களை மீண்டும் நிற்க வைத்தது. தோற்றுப்போன நெசவாளிகள் யோசித்துக் கண்டுபிடித்த பண்டம் இது. கல்யாணப் பந்தியிலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் கச்சேரியிலும் இதன்மேல் உட்கார்ந்த நமக்கு அந்தக் கதை தெரியாது.

நண்பர் அழைத்துப்போன பட்டறை ஓட்டு வீட்டின் பின்கட்டு. ஆறு குழித்தறிகள், ஓடுபவை நான்கு. உரிமையாளருக்கு ஐம்பது வயதிருக்கும். “வாங்க, வாங்க. மொதல்ல தண்ணி குடிங்க” என்று செம்பை நீட்டினார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடன் கொடுத்தவர்கள் படிப்பார்கள் என்பது காரணம்.

சாயம் போடும் இடத்துக்கு நான் போகவில்லை. பாவு ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன், பாதிக்குமேல் புரியவில்லை. என்னைப் பிடித்து உட்காரவைத்தது கடைசித் தறி. அதில் ஒரு முதிய தம்பதி நெய்துகொண்டிருந்தார்கள்.

அகலமான ஜமக்காளத்தை ஒருவர் நெய்ய முடியாது. தறிக்குழியில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் கால் தொங்கவிட்டு உட்கார்கிறார்கள். இருவர் காலும் ஒரே நேரத்தில் மிதியை அழுத்துகிறது. பாவு இரண்டாகப் பிரிகிறது. பெரியவர் அந்தப் பிளவுக்குள் நாடாவைத் தள்ளிவிடுகிறார். அம்மா மறுகோடியில் பிடிக்கிறார். நான்கு கைகளும் சேர்ந்து அச்சை இழுத்து அடிக்கின்றன. மறுபடி மிதி, இப்போது அம்மா அனுப்ப, பெரியவர் பிடிக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. ஒருவர் அரை நொடி முந்தினாலும் ஊடை தொய்ந்துவிடும் அல்லது இறுகி ஓரத்தை உள்ளே இழுத்துவிடும். பாவைப் பார்த்தபடியே நாடா போகிறது, வருகிறது.

நாடாவை வாங்கிப் பார்த்தேன். கை பட்டுப் பட்டு மரம் வழவழவென்று கறுத்திருந்தது. நடுவில், ஊடை நூல் சுற்றிய தார் உட்காரும் பள்ளம். “எங்க மாமனாரு வச்சிருந்ததுங்க” என்றார் அம்மா. கல்யாணமாகி வந்தபோது அவருக்கு நெசவு தெரியாது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தவரை, மாமியாருக்கு உடம்புக்கு முடியாமல் போன ஒரு நாள் குழியில் இறக்கிவிட்டார்கள். “ரெண்டு மாசம் நாடா விழுந்துட்டே இருந்துச்சுங்க. இவரு ஒரு வார்த்தை வையல. எடுத்து எடுத்துக் குடுத்தாரு.” பெரியவர் சிரித்தார். இருவருக்கும் சேர்த்து ஒரே கூலி. விரிப்புக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் தறி நிற்கும், இருவர் சோறும் நிற்கும். பெரியவருக்கு முழங்கால் வலி. அம்மாவுக்குத் தோள் பட்டை. பிள்ளைகள் இருவரும் நெசவுக்கு வரவில்லை. வரவேண்டாம் என்று இவர்களே சொல்லிவிட்டார்கள்.

உரிமையாளரை இவர்கள் முதலாளி என்று கூப்பிடுவதில்லை, “தம்பி” என்கிறார்கள். அவர் டவுசர் போட்ட வயதில் இந்தத் தறிக்குழிக்குள் ஒளிந்து விளையாடியதைப் பார்த்தவர்கள். “தம்பி நாலு வருசமா பட்டறைக்குள்ளயே வரல. ஆளு விட்டுத்தான் சரக்கை எடுத்துட்டுப் போகச் சொல்லும். எங்களுக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு” என்றார் பெரியவர்.

அந்த நான்கு வருடங்களைப் பற்றி உரிமையாளரே திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். “தறிச் சத்தம் கேட்டாலே எரிச்சல் வருமுங்க. எங்கப்பா இந்தச் சத்தத்துல தூங்குவாரு. எனக்குத் தூக்கம் போச்சு. யாராவது என்ன தொழில்னு கேட்டா சொல்ல வாய் வராது.” ஒருமுறை தொழில் செய்பவர்களுக்கான ஊக்கப் பேச்சு என்று ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்குப் பணம் கட்டிப் போயிருக்கிறார். செய்யும் தொழிலை நேசியுங்கள், காலையில் கண்ணாடி முன் நின்று வெற்றி என்று சொல்லுங்கள் என்றார்களாம். “கேக்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்தா நூல்காரர் உக்காந்திருந்தாரு.”

இதைத்தான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தேன். சிறுதொழில்காரனுக்கு மனம் விட்டுப்போவதை ஏதோ மனத்தின் நோய் என்று நினைத்து வார்த்தையால் குணப்படுத்தப் பார்க்கிறோம். அவன் உற்சாகத்தைத் தின்பது பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. என் நண்பர் இவரிடம் ஊக்கப் பேச்சு எதுவும் பேசவில்லை. கணக்கு நோட்டை எடுத்து வரச் சொன்னார். ஒவ்வொரு சரக்குக்கும் நூல் எப்போது வாங்கியது, கூலி எப்போது கொடுத்தது, வியாபாரி பணம் எப்போது வந்தது என்று தேதியை மட்டும் எழுதச் சொன்னார். நூலுக்கு உடனே காசு, கூலிக்கு வாராவாரம் காசு. வியாபாரியிடமிருந்து மட்டும் நான்கு மாதம், ஐந்து மாதம். அந்த இடைவெளி முழுவதும் வட்டி. அந்த வட்டியை இவர் ஒருநாளும் விரிப்பின் விலையில் சேர்த்ததே இல்லை. நெய்ய நெய்ய நஷ்டம். அதிகம் விற்ற மாதங்களில்தான் அதிகக் கடன்.

இன்னொரு கேள்வியையும் நண்பர் கேட்டிருக்கிறார்: “நீங்க கடைசியா ஆசைப்பட்டு நெய்த ஜமக்காளம் எது?” இவருக்கு உடனே பதில் வரவில்லை. மறுநாள் பரணிலிருந்து அப்பாவின் தகரப்பெட்டியை இறக்கினார். உள்ளே மாதிரித் துண்டுகள். கையகலம், முழ அகலம், ஒவ்வொன்றிலும் ஒரு நிற வரிசை. அரக்குக்குப் பக்கத்தில் மாம்பழ மஞ்சள், அதை ஒட்டி மயில்கழுத்து. வியாபாரி கேட்டதெல்லாம் மலிவான நூலில் ஒரே மாதிரி நான்கு நிறம். பத்து வருடமாக வேறு எதுவும் இந்தப் பட்டறையில் நெய்யவில்லை. அந்தத் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, பெரியவரையும் அம்மாவையும் கூப்பிட்டு, “இது எப்படி வரும், ஞாபகம் இருக்கா?” என்று கேட்டபோதுதான் அவர் மீண்டும் பட்டறைக்குள் கால் வைத்தார். அம்மா சொல்லச் சொல்ல அவரே குழியில் இறங்கி நெய்திருக்கிறார்.

எனக்கு இங்கே ஆத்திரம் வருகிறது. ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட பண்டம். 1985-ல் இயற்றிய கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் முதலில் 22 வகைத் துணிகள் இருந்தன. பின்னர் 11 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பதினொன்றிலும் ஜமக்காளம் இருக்கிறது. விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 1993-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 2005-06-ல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவு இருந்தும் சோலாப்பூர் பக்கத்து விசைத்தறிச் சரக்கு பவானி ஜமக்காளம் என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளிலேயே விற்கிறது. அதைக் கொண்டுவந்து இறக்குபவர் வெளியூர்க்காரர் மட்டுமல்ல. கைத்தறிச் சரக்கைக் கடனுக்கு எடுக்கும் அதே ஆள், விசைத்தறிச் சரக்கின் விலையைக் காட்டி கைத்தறி விலையை அடிக்கிறார், பிறகு இரண்டையும் ஒரே கட்டில் கலந்து பவானி என்று விற்கிறார். பெயர் பவானியுடையது, லாபம் அவருடையது. ஐந்து மாதம் காத்திருப்பது தறிக்காரர், குறைந்த கூலியில் அரைவயிற்றோடு கிடப்பது குழியில் இருக்கும் இருவர். முதல் போடுவது யார் என்று பார்த்தால், தறிக்காரர்தான் வியாபாரிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இதைத் தொழில் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த ஏற்பாட்டுக்குள் ஒருவனைப் பூட்டிவைத்துவிட்டு, உனக்கு ஏன் உற்சாகமில்லை என்று கேட்பது அநியாயம்.

இப்போது நிலைமை என்ன? நல்லபடியாகிவிட்டது என்று எழுதினால் பொய். ஆறில் இரண்டு தறிகள் சும்மா நிற்கின்றன, உட்கார ஆளில்லை. ஓடும் நான்கில் இரண்டு இன்னும் அதே வியாபாரிக்குத்தான் நெய்கின்றன, பழைய பாக்கி தீரும்வரை விடமுடியாது. மற்ற இரண்டும் ஆர்டருக்கு மட்டும். பாதிப் பணம் முன்னால் வந்தால்தான் நூல் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டார். முதல் ஆர்டர் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாக் கமிட்டி. அப்பாவின் பெட்டியில் இருந்த அரக்கு வரிசையைப் பார்த்து, எங்கள் தாத்தா காலத்தில் கோயிலில் இதுதான் விரித்திருந்தது என்று ஒரு பெரியவர் சொல்ல, அதையே கேட்டார்களாம். அதன்பின் ஒரு கல்யாண மண்டபம், ஒரு பள்ளிக்கூடம். விலை வியாபாரி கொடுப்பதைவிடக் கூடுதல், கூலியையும் கூட்டியிருக்கிறார். எவ்வளவு என்று நான் பெரியவரிடம் தனியாகக் கேட்டேன். போதுமான அளவு இல்லை, ஆனால் முன்பைவிட மேல் என்றார். தறிக்கூலி போதுமானதாக ஆகாதவரை அடுத்த தலைமுறை குழியில் இறங்காது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆர்டர் விரிப்புகளின் ஓரத்தில் சிறு துணிப்பட்டை ஒன்றைத் தைக்கிறார்கள். அதில் நெய்த இருவரின் பெயரும் இருக்கிறது. இது யார் யோசனை என்று கேட்டேன். “என்னோடதுதானுங்க” என்றார் உரிமையாளர், கொஞ்சம் கூச்சத்தோடு. “மண்டபத்துக்காரங்க போன் போட்டு, இந்தப் பேருல இருக்கறவங்க ரெண்டு பேரும் புருசன் பொஞ்சாதியான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னு சொன்னேன். அன்னைக்கு எனக்கு என்னமோ மாதிரி சந்தோசமா இருந்துச்சு.” தன் சரக்கின்மேல் யார் உட்காருகிறார்கள் என்று இந்த மனிதருக்குப் பல வருடம் தெரியாமலே இருந்திருக்கிறது. விலையைத் தானே சொல்லவும், நிறத்தைத் தானே தேர்ந்தெடுக்கவும், வாங்கியவர் குரலைக் கேட்கவும் முடிந்ததும் அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது. தறி விற்க ஆள் தேடுவதை விட்டது எப்போது என்று அவருக்கே சரியாக நினைவில்லை.

கோயில் கமிட்டி, சங்கீத சபா, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் என்று எதையாவது நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜமக்காளம் வேண்டுமானால் பவானிக்கு நேரில் போங்கள், அல்லது கோ-ஆப்டெக்ஸில் கேளுங்கள். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பட்டறையில் ஆர்டர் கொடுத்தால் பாதிப் பணத்தை முன்னால் கொடுங்கள். மீதியை விரிப்பை வாங்கிக்கொள்ளும் அன்றே எண்ணி வைத்துவிடுங்கள்.