1845 முதல் அணையாத அடுப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

போன டிசெம்பர் விடுமுறைக்கு உம்மாவையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தில் இருக்கும் மகளிடம் போயிருந்தோம். அவள் இருப்பது எக்ஸிட்டர் நகரத்தில். ஒரு சனிக்கிழமை மருமகன் எங்களை டார்ட்மூர் பார்க்கக் காரில் ஏற்றினார். பேரைக் கேட்டதும் உம்மா, "மூரா? அங்கயும் எங்கட ஆக்களா ஈக்கிறாங்க?" என்றார். சிரிப்பாக இருந்தாலும் நியாயமான கேள்விதான். எங்கள் பிறப்புச் சான்றிதழ்களில் இலங்கைச் சோனகர் என்பதற்கு ஆங்கிலத்தில் எழுதியிருப்பதும் அதே எழுத்துகள்தானே. ஆனால் இரண்டும் வேறு வேறு வேரில் இருந்து வந்த சொற்கள். அங்கே மூர் என்றால் மரமில்லாத மேட்டு நிலம். புல்லும், முழங்கால் உயரப் புதரும், கால் வைத்தால் உள்வாங்கும் கறுப்புச் சதுப்பு மண்ணும். ஹோட்டன் சமவெளிக்குப் போனவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

போஸ்ட்பிரிட்ஜ் என்ற கிராமத்தில் இறங்கி, மத்திய காலத்துக் கல்பாலத்தைப் பார்த்தோம். சாந்தே இல்லை. நான்கு மீற்றருக்கு மேல் நீளமான கருங்கல் பலகைகளைத் தூக்கிக் கல் தூண்களில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் எட்டு தொன்னுக்கு மேல் எடை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் நேரம் போய்விட்டது. அங்கே டிசெம்பரில் நாலேகாலுக்கே மஃரிப். திரும்பும் வழியில் மேடு ஏற ஏறப் புகார் இறங்கியது. காரின் முன் விளக்குக்கு எட்டடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உம்மாவுக்குக் குளிரில் கை நடுங்கத் தொடங்கியது. அவசரமாக பாத்ரூம் போக வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த வீதியில் மைல் கணக்கில் வேறு வீடு இல்லை. புகாருக்குள் மஞ்சள் வெளிச்சமாகத் தெரிந்தது ஒரே ஒரு கட்டடம், வொரன் ஹவுஸ் இன். வண்டியை நிறுத்திய பிறகுதான் எங்களுக்குள் பிரச்சினை வந்தது. எங்களில் ஒருவர், "தவறணைக்குள்ள உம்மாவ எப்படிக் கூட்டிப் போற?" என்றார். மற்றவர், "குளிருக்குள்ள எப்படி வச்சிக்கிற?" என்றார். யார் எதைச் சொன்னது என்று இங்கே எழுதினால் வீட்டில் இன்னொரு சண்டை வரும். பத்து நிமிடம் காருக்குள் ஃபத்வா நடந்தது. கடைசியில் உம்மாதான் கதவைத் திறந்தார். "குடிக்கிறவன் குடிக்கட்டும். நான் முஸாபிர். எனக்கு ஒதுங்க இடம் வேணும்."

உள்ளே போன பிறகுதான் எங்களுக்கும் விளங்கியது, அந்தக் கட்டடம் எழுந்த காரணமே அதுதான் என்று. நாங்கள் தவறணை என்று பார்த்ததை அந்தக் காலத்துப் பயணி வாடிவீடு என்று பார்த்திருப்பான். கடல் மட்டத்திலிருந்து 434 மீற்றர், தென் இங்கிலாந்திலேயே மிக உயரத்தில் இருக்கும் சத்திரம் அதுதான். அழகுக்காக எதையும் செய்திருக்கவில்லை. தாழ்ந்த, நீளமான, கெட்டியான கட்டடம். காற்று அடிக்கிற நாட்டில் உயரமாகக் கட்டுவது முட்டாள்தனம். கல்லைத் தேடி அந்தப் பக்கத்தில் யாரும் அலைய வேண்டியதில்லை, மேட்டு நிலமெங்கும் கருங்கல் கிடக்கிறது. மலையை வெட்டாமல், கிடந்த கல்லைப் பொறுக்கியே நூற்றாண்டுக் கணக்கில் வீடு கட்டியிருக்கிறார்கள். உள்ளே குறுக்குமரங்கள் தலைக்கு மேல் தாழ்வாகப் போகின்றன. கூடத்தின் ராஜா அடுப்புத்தான், மற்ற எல்லாம் அதைப் பார்த்தபடியே இருக்கின்றன. இன்றைக்கும் பொது மின்சார இணைப்பு அங்கே போகவில்லை. சொந்த ஜெனரேட்டரில்தான் விளக்கு எரிகிறது.

இப்போதிருக்கும் கட்டடம் 1845 இல் கட்டியது. அதற்கு முன்னர் வீதியின் எதிர்ப் பக்கத்தில் 'புதிய வீடு' என்ற பெயரில் ஒரு சத்திரம் இருந்தது. புதிய வீடு பழசாகி, அதற்கும் புதிய வீடு வந்த கதை. இடம் மாறியபோது பழைய அடுப்பில் கனன்றுகொண்டிருந்த பீட் கரியை வீதிக்குக் குறுக்கே சுமந்து வந்து புதிய அடுப்பில் வைத்தார்களாம். அன்றிலிருந்து அந்த நெருப்பு அணையவில்லை என்கிறார்கள். பீட் என்பது அந்தச் சதுப்பு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்தது. மெதுவாக எரியும், இரவு முழுக்கச் சாம்பலுக்குள் உயிரோடு கிடக்கும். இப்போது விறகுதான் போடுகிறார்கள். இத்தனை வருடத்தில் ஒருநாளாவது யாராவது தூங்கிப்போயிருக்க மாட்டார்களா என்று ஆசிரியப் புத்தி கேட்கத்தான் செய்தது. ஆனால் அதற்கு எதிரே கையைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கேள்வியை யார் வாய்விட்டுக் கேட்பார்?

யாருக்காக அங்கே சத்திரம்? கீழே பள்ளத்தாக்கில் வெள்ளீயச் சுரங்கங்கள் இருந்தன. பேர்ச் டோர், விற்றிஃபர், கோல்டன் டாகர். 'தங்கக் குத்துவாள்' என்று பெயர் வைத்து வெள்ளீயம் தோண்டியிருக்கிறார்கள். நாள் முழுக்க ஈரத்தில் நின்ற மனிதர்கள் இரவில் ஏறி வந்தது இந்த அடுப்புக்குத்தான். கோல்டன் டாகரும் 1930 இல் நின்றுபோனது. இன்று அந்தப் பள்ளத்தாக்கில் மிச்சம் இருப்பது தோண்டிய வடுக்கள் மட்டும். வொரன் என்றால் முயல் வளர்க்கும் நிலம். சுரங்கக்காரர்களுக்கு இறைச்சி வேண்டுமே என்று மண் மேடுகள் கட்டி முயல் வளர்த்தார்கள். சத்திரத்தின் பெயர் அப்படி வந்தது. சாப்பாட்டுப் பட்டியலில் இன்றும் முயல் பை இருக்கிறது. முயல் ஹலால்தான், அறுத்த விதம் தெரியாதே. தேநீரோடு நிறுத்திக்கொண்டோம்.

வெளியே தொங்கும் பெயர்ப் பலகையில் மூன்று முயல்கள் வட்டமாக ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு காது, ஆனால் எண்ணினால் மொத்தம் மூன்று காதுதான். காதுகள் நடுவில் சேர்ந்து ஒரு முக்கோணமாகிவிடுகின்றன. அந்த வட்டாரத்துப் பழைய தேவாலயக் கூரைகளில் இதே உருவத்தை மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். சுரங்கக்காரர்களின் சின்னம் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் இதைவிடப் பல நூற்றாண்டு பழையது சீனாவின் துன்ஹுவாங் பௌத்தக் குகைகளின் கூரைகளில் இருக்கிறது. 1281 இல் ஈரானில், மொங்கோலியர் ஆட்சியில் அடித்த செப்பு நாணயம் ஒன்றிலும் இருக்கிறது. பட்டுத் துணிகளோடு பயணம் செய்திருக்கலாம் என்பது ஆராய்ந்தவர்களின் ஊகம். பௌத்தக் குகை, முஸ்லிம் நாட்டு நாணயம், கிறிஸ்தவக் கூரை, கடைசியில் ஒரு தவறணைப் பலகை. அந்த முயல்களுக்கு யாரும் விசா கேட்கவில்லை.

அடுப்புக்கு அருகில் இருந்த ஒரு முதியவர் உம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். தன் கதிரையை நெருப்புப் பக்கம் தள்ளிக் கொடுத்தார். 1963 பனிக்காலத்தில் கிட்டத்தட்ட 20 அடி உயரத்துக்குப் பனி குவிந்து, 12 வாரம் வீதி மூடிக் கிடந்ததையும், ஹெலிகொப்டரில் சாமான் இறக்கியதையும் சொன்னார். பிறகு அந்தச் சத்திரத்தின் பேர்போன கதையைத் தொடங்கினார். மகள் உம்மும்மாவுக்குத் தமிழாக்கினாள்.

பழைய சத்திரக் காலம். பனிக்காலத்தில் வழிப்போக்கன் ஒருவன் இரவு தங்குகிறான். அறையில் ஒரு பெரிய மரப்பெட்டி. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு மையித்து. விடியும் மட்டும் நடுங்கிக் கிடந்துவிட்டு, காலையில் வீட்டுக்காரர்களிடம் கேட்கிறான். அவர்கள் சாதாரணமாகச் சொல்கிறார்கள்: "அது எங்கட வாப்பாதான். பனியில வழி இல்ல. கொண்டு போய் அடக்கும் வரைக்கும் உப்பில வச்சிருக்கிறோம்."

சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அது சிரிப்பதற்கென்றே சொல்லும் கதை. நாங்களும் சிரித்தோம். உம்மா சிரிக்கவில்லை.

உம்மாவின் தம்பி 2020 டிசெம்பரில் மவுத்தானார். கொரோனா என்றார்கள். அந்த மாதங்களில் யாராக இருந்தாலும் எரிப்பதுதான் என்று இருந்த காலம். குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை. ஜனாஸாவை முகம் பார்த்தவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது 2021 மார்ச்சில். மூன்று மாதம். அந்த மூன்று மாதம் எங்காவது ஒரு குளிரூட்டியில் வைத்திருந்தால் போதுமே என்று உம்மா அப்போது திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நாங்களும் எடுப்பதில்லை.

உம்மா மகளின் கையைப் பிடித்து, "பொறகு அடக்கினாங்களா எண்டு கேள்" என்றார்.

மகள் கேட்டாள். முதியவருக்கு அது கொஞ்சம் புதினமாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கதையில் சிரிக்கும் இடத்தைத் தாண்டி யாரும் கேட்பதில்லை போலும். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பனி உருகினதும் கொண்டு போய் அடக்கினார்கள் என்றார். பிறகு அவராகவே அந்தப் பக்கத்துப் பழைய வழக்கத்தைச் சொன்னார். மூரின் நடுவில் வாழ்ந்தவர்களுக்கும் ஊர்ப் பள்ளி லிட்ஃபோர்டில்தான். யாராவது இறந்தால் ஆற்றையும் சதுப்பையும் தாண்டி 12 மைல் பெட்டியைத் தோளில் சுமந்து போக வேண்டும். அந்தப் பாதைக்கு இன்றும் லிச் வே, பிணப்பாதை என்றுதான் பெயர். 1260 இல் எக்ஸிட்டர் ஆயர் ப்ரான்ஸ்கோம் இரங்கி, தூரத்துக் குடிகள் சிலருக்குப் பக்கத்து விடகொம் தேவாலயத்தில் அடக்க அனுமதி கொடுத்தார். பின்னர் நாங்கள் தேடிப் பார்த்தோம், கதை கட்டுக்கதையாக இருக்கலாம், அந்தப் பாதையும் அனுமதியும் உண்மை.

எழும்பும் நேரம் வந்தபோது உம்மா விறகுக் கூடையைக் காட்டி, ஒன்று போடலாமா என்று கையாலேயே கேட்டார். முதியவர் சிறியதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். உம்மா குனிந்து, பிஸ்மி சொல்லி, கனலுக்குப் பக்கத்தில் அதை வைத்தார். பிடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே கட்டடத்தின் மறைவில், காற்றுப் படாத பக்கமாக விரிப்பைப் போட்டு மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதோம். உம்மா காருக்குள் இருந்தபடியே தொழுதார். புகார் கொஞ்சம் விலகியிருந்தது. மருமகன் மெதுவாக ஓட்டினார். மோர்ட்டன்ஹாம்ப்ஸ்டெட் தாண்டும் வரைக்கும் யாரும் பேசவில்லை. உம்மா தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தோம்.

"எத்தின மைல் எண்டு சொன்னாரு?"

"பன்னெண்டு, உம்மா."

"தோள்லயா?"

"தோள்லதான்."

"பனியிலயும்?"

மகள் பின்னால் திரும்பி அவரது போர்வையை இழுத்து விட்டாள்.