மூன்று கிலோ மீன்

ஆண்டிதழுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று ஆசிரியர் குழுவில் இருக்கும் தோழி கேட்டபோது, "பயணக் கட்டுரை எழுதட்டுமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவளும் உடனே என் பெயரைக் குறித்துக்கொண்டாள். அதன் பிறகுதான் நெஞ்சு திக்கென்றது. காரணம், நான் எழுதிய முதல் பயணக் கட்டுரை முழுக்க முழுக்கப் பொய்!

2014ஆம் ஆண்டு. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். 'விடுமுறையில் நான் சென்ற இடம்' என்று ஆசிரியை தலைப்புக் கொடுத்தார். அந்த விடுமுறையில் நான் சென்ற ஒரே இடம் கூலாயில் இருக்கும் அத்தை வீடு. அங்கேயும் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். இதை எப்படி ஒரு பக்கத்துக்கு எழுதுவது? உலு திராமில் எங்கள் குடியிருப்புப் பகுதியைத் தாண்டிப் போகும் பெரிய சாலையில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. கோத்தா திங்கி, மெர்சிங் என்று இரண்டு ஊர்கள். கோத்தா திங்கி தெரியும். மெர்சிங் தெரியாது. தெரியாத ஊரைப் பற்றி எழுதுவது சுலபமாக இருந்தது. கடற்கரையில் கூடாரம் போட்டோம். அப்பா தூண்டில் வீசினார். மூன்று கிலோ மீன் மாட்டியது. அம்மா அதைக் கரையிலேயே பொரித்தார். தம்பி முள்ளைத் துப்பத் தெரியாமல் அழுதான். தம்பிக்கு அப்போது இரண்டு வயது. அந்த முள்தான் கட்டுரையை உண்மைபோல் ஆக்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

ஆசிரியை அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மதிப்பெண் அட்டை வாங்க அப்பா ஒரு நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தார். "அவ்ளோ பெரிய மீன் பிடிச்சீங்களாமே சார்! பொண்ணு ரொம்ப அழகா எழுதியிருக்கா" என்றார் ஆசிரியை. அப்பா என்னைப் பார்த்தார். நான் என் காலணியைப் பார்த்தேன். "ஆமாங்க டீச்சர். இழுக்கவே முடியலே" என்றார் அப்பா.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கேட்காததால் பதினோரு வருடம் அந்த மீனைச் சுமந்தேன்.

அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால் இரவு எட்டுக்கு மேல்தான் வீடு. ஜொகூரில் எங்களைப்போல் எத்தனையோ குடும்பங்களின் கதை இதுதான், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விசயம் பிற மாநில நண்பர்களுக்குத் தெரிந்திருக்காது. 2014 ஜனவரி முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியது. அப்பாவுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை. நானும் தம்பியும் ஞாயிறு காலையில் பள்ளிக்குப் போவோம். அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு வேலைக்குப் போவார். அப்பா காலி வீட்டில் தூங்குவார். பிறகு கோவிட் வந்தது. 2020 மார்ச்சில் எல்லை மூடியபோது அப்பா அந்தப் பக்கமே தங்கிவிட்டார். தாத்தா இறந்ததைக்கூட அவர் கைப்பேசித் திரையில்தான் பார்த்தார். 2022 ஏப்ரல் 1ஆம் நாள் தரைவழி எல்லை முழுமையாகத் திறந்த பிறகுதான் பழையபடி தினமும் வீட்டில் வந்து படுத்தார். 2025 ஜனவரியில் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆனது. எங்கள் வீட்டில் நால்வருக்கும் பாட்டிக்கும் பொதுவாக ஒரு நாள் கிடைத்தது.

"எங்கயாச்சும் கடல் பக்கம் கூடாரம் போட்டு, தூண்டில் போட்டுக்கிட்டு ரெண்டு நாள் சும்மா இருக்கணும் பாப்பா. நீயே இடம் பாரு" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "மெர்சிங் போலாமா?" என்றும் கேட்டார்.

நான் மெர்சிங்கை வேண்டாம் என்றேன். அதற்குக் காரணங்கள் வைத்திருந்தேன். ஜொகூர் பாருவிலிருந்து நூற்றிமுப்பது கிலோமீட்டருக்குக் குறையாது, பாட்டியால் அவ்வளவு நேரம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது என்றேன். மெர்சிங் என்றால் தீவுதான் பலருக்கு நினைவு வரும். ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1994 முதல் கடல் பூங்கா, கரையிலிருந்து இரண்டு கடல்மைல் வரை மீன் பிடிக்கக் கூடாது என்றேன். மெர்சிங்குக்கு வடக்கே ஆயர் பாப்பான் கடற்கரையில் கூடாரம் போடலாமே, அது தீவு இல்லையே என்று தம்பி கேட்டான். அவன் வாயை அடைத்தேன். எல்லாம் உண்மையான காரணங்கள்தாம். உண்மையான காரணம் மட்டும் அவற்றில் இல்லை.

சரி, வேறு எங்கே போவது? கூடாரம் போட இடம் தேடுவதைச் சாதாரணமாக நினைத்தேன். படங்களில் எல்லாக் கடற்கரையும் அழகாகத்தான் இருக்கிறது! தேசிய இடைநிலைப்பள்ளியில் என்னோடு படித்த மலாய்த் தோழி ஒருத்தியின் அப்பா வாரந்தோறும் தூண்டில் போடப் போவார். அவளைக் கேட்டேன். "முதல்ல மேற்கா கிழக்கான்னு முடிவு பண்ணு" என்ற பொருளில் மலாயில் பதில் அனுப்பினாள். அப்போதுதான் எங்கள் மாநிலத்துக்கு இரண்டு கடல் இருப்பது உறைத்தது. மேற்கே மலாக்கா நீரிணை. பொந்தியான், கூக்கூப் பக்கமெல்லாம் சதுப்பு நிலமும் சேறும். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனையான தஞ்சோங் பியாய் அங்கேதான் இருக்கிறது. 2003இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சதுப்புக்காடு. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் நீர் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய வரை சேறு. தம்பி எங்கே குளிப்பான்? கூக்கூப்பில் கடலுக்கு மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகளில் தங்கி மீன் பிடிக்கலாம். பலகை நடைபாதையில் பாட்டியின் கைத்தடி எந்த இடுக்கில் மாட்டுமோ என்று அம்மா பயந்தார்.

ஆகவே கிழக்கு, தென்சீனக் கடல். மணலும் ரூ மரமும். ஆனால் அங்கே எப்போது வேண்டுமானாலும் போக முடியாது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று கரையை நேராக அடிக்கும். ஜூன் தொடங்கித் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நிலம் மறைத்துக்கொள்வதால் கிழக்குக் கரை பெரும்பாலும் அமைதி. எனவே ஜூலை என்று முடிவானது.

அடுத்து நாள் பார்க்க வேண்டும். மீன்பிடிப்பவர்கள் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்ப்பார்கள். நீர் ஓடும்போதுதான் மீன் இரை தேடும், தேங்கி நிற்கும்போது தூண்டிலைச் சீண்டாது என்பது அவர்கள் கணக்கு. நான் கைப்பேசியில் தடவிக்கொண்டிருந்தபோது பாட்டி சுவரில் மாட்டியிருந்த தினசரி நாள்காட்டியைக் கழற்றி வரச் சொன்னார். "வியாழக்கிழமை ஆடி அமாவாசை. தாத்தாவுக்குப் படைச்சு முடிச்சிட்டு சனிக்கிழமை கிளம்பலாம். அமாவாசை ஒட்டித் தண்ணி நல்லா ஏறி இறங்கும்." கோத்தா திங்கிப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் வெட்டிய பாட்டிக்குக் கடல் எப்படித் தெரியும்? "ஆத்துல பாத்திருக்கேன். கடல் ஏறினா ஆறும் ஏறும். உங்க தாத்தாவும் உங்கப்பனும் அதைப் பாத்துத்தான் தூண்டியை எடுத்துக்கிட்டு ஓடுவாங்க." தோழியின் அட்டவணையும் அதையேதான் சொன்னது.

இடம் மட்டும் மீதி. செடிலி ஆற்று முகத்துவாரம் மீனுக்குப் பேர்போனது. "முதலை?" என்று ஒரே சொல் கேட்டார் அம்மா. ஜொகூர் ஆறுகளில் முதலை உண்டு என்பதால் நான் வாதாடவில்லை. தெலுக் மக்கோத்தா ஆழம் குறைந்த வளைகுடா. சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது, அப்பாவின் தூண்டிலுக்கு இல்லை. டேசாருவில் இப்போது பெரிய உல்லாச விடுதிகள். கடைசியில் இரண்டு இடங்கள் நின்றன. ஒன்றின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் நேரில் போய்ப் பார்த்தோம். படத்தில் இருந்த கழிப்பறை இருந்தது, தண்ணீர் இல்லை. குந்தி உட்காரும் வகை வேறு. பாட்டியின் முட்டி மடங்காது.

இன்னொன்று தஞ்சோங் பாலாவ், டேசாருவுக்குச் சற்று வடக்கே. மணல் கரை, அதன் ஓரத்தில் கடலுக்குள் நீளும் பாறைகள். காரை நிறுத்தி, கூடாரம் போடும் இடத்துக்கு அடி எண்ணி நடந்தேன். அறுபத்திரண்டு. கழிப்பறைக்கு நாற்பது, இருக்கை உள்ள கழிப்பறை ஒன்று இருந்தது! தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தேன். நண்பர்களே, குடும்பத்தோடு கூடாரம் போடப் போகிறவர்கள் கடலைக் கடைசியில் பாருங்கள். அது எங்கேயும் போகாது. நிழல் மாலையில் எந்தப் பக்கம் விழுகிறது, உயர நீர் விட்டுச் சென்ற குப்பைக்கோடு எதுவரை இருக்கிறது, தலைக்கு மேல் தேங்காயோ காய்ந்த கிளையோ தொங்குகிறதா, இவற்றைப் பார்த்த பிறகு கடலைப் பார்க்கலாம்.

அப்பா பாறைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் அங்கேதான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். "வழுக்கும்பா" என்றேன். "தெரியும். சும்மா பாத்தேன்" என்றார்.

ஜூலை 26, சனிக்கிழமை. செனாய்-டேசாரு நெடுஞ்சாலை வந்த பிறகு இந்தப் பயணம் பெரிய விசயமே இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் சேர்ந்துவிட்டோம். அதில் அரை மணி நேரம் பாட்டிக்காக நிறுத்தியது. கூடாரம் போட்ட கதையை விட்டுவிடுகிறேன். மணலில் ஆணி நிற்காது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நெகிழிப் பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றில் கட்டிப் புதைத்தோம்.

அப்பா பாறைப் பக்கம் போகவில்லை. பாட்டியின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தூண்டிலை ஊன்றினார். இரை, தோல் உரித்த இறால். முதலில் தம்பியின் தூண்டிலில் ஒரு கெளுத்தி வந்தது. கத்திக்கொண்டே கையால் பிடித்தான். அவ்வளவுதான், முள் ஏறிவிட்டது. கடல் கெளுத்தியின் முள்ளில் நஞ்சு உண்டு. கை நடுங்க அழுதான். பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் ஓடி வந்து "ஆயர் பானாஸ், ஆயர் பானாஸ்" என்றார். தேநீருக்காக அம்மா குடுவையில் கொண்டுவந்திருந்த வெந்நீரைக் கை தாங்கும் சூட்டுக்கு ஆற்றி விரலை முக்கி வைத்தோம். சூட்டில் அந்த நஞ்சின் வேகம் அடங்குமாம். அரை மணி நேரத்தில் அழுகை நின்றது. பதினோரு வருடத்துக்கு முன் நான் எழுதிய கட்டுரையிலும் தம்பி முள்ளால்தான் அழுதான். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பொழுது சாய்ந்ததும் ரூ மரங்களுக்கு இடையே மூன்றாம் பிறை தெரிந்தது. பாட்டி நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைக் கும்பிட்டார். அப்போது அப்பாவின் தூண்டில் நுனி ஆடியது. சுற்றி இழுத்தார். ஒரு கிழங்கான். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். மணலில் துள்ளியது. அம்மா சமையலுக்காகக் கொண்டுவந்திருந்த சின்னத் தராசை எடுத்து வந்து தம்பி ஆர்வமாக நிறுத்தான்.

"தொண்ணூறு கிராம்!"

அப்பா மீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர்கிட்ட எத்தனை கிலோன்னு எழுதினே?"

என் தொண்டை அடைத்துக்கொண்டது. "மூணு" என்றேன்.

"மூணா? நான் அஞ்சுன்னு நெனச்சேன்" என்றார் அப்பா. "நீ மெர்சிங் வேணாம்னப்பவே தெரிஞ்சுது."

"ஏம்பா அன்னிக்கு டீச்சர்கிட்ட சொல்லலே?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. தூண்டில் முள்ளில் புதிய இறாலைக் குத்திக்கொண்டிருந்தார். இருட்டிவிட்டதால் முகம் தெரியவில்லை. "நல்லா எழுதியிருந்தே. நானும் வந்திருந்தேன் அதுல" என்றார்.

அம்மா கிழங்கானைப் பொரித்தார். ஆளுக்கு ஒரு வாய்தான் வந்தது. அப்பா ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிட்டார். நாலரைக்கு எழுந்து பழகியவர், ஞாயிற்றுக்கிழமையும் நாலரைக்கே எழுந்து, பாட்டியின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நீர் ஓரத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார். தூண்டிலை எடுத்துப் போகவில்லை.